கருடன்பாறை மடத்துக் கியர் ராடு

"அம்மை, கியர் ராடு ஆடுது."

அம்மை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"ஆடட்டும்."

"இதையேதான் போன வருசமும் சொன்னிய."

"சொன்னேனா?"

"சொன்னிய. அதைக் கேட்டுக்கிட்டுப் போய்த்தான் நேத்து ஒரு பிள்ளைத்தாச்சியக் கொண்டு பாலத்துச் சுவர்ல முட்டப் பாத்தேன்."

கீரை உருவின கை நின்றது.

பிரமு நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. அந்த மடத்தில் அம்மைக்கு முன்னால் நின்றுகொண்டு பேசுகிறவர்கள் யாரும் கிடையாது. உட்கார்ந்து, கையைக் கட்டி, குரலைத் தணித்துத்தான் பேசுவார்கள். பிரமுவும் நேற்றுவரை அப்படித்தான்.

கருடன்பாறை மடம் மலையில் பாதி ஏற்றத்தில் இருந்தது. அதற்கு மேலே நாலைந்து குடியிருப்புகள். கீழே டவுன், ஆஸ்பத்திரி, கடை கண்ணி. பஸ் வராத மலை. மடத்தில் ஒரு பழைய வெள்ளைக் கார் இருந்தது. யாரோ ஒரு புண்ணியவான் தன் வீட்டில் நிறுத்த இடமில்லாமல் தானமாகக் கொடுத்தது. பிள்ளைத்தாச்சியோ பாம்பு கடித்தவனோ, மலையிலிருந்து யார் இறங்க வேண்டுமானாலும் அந்தக் காரில்தான் இறங்க வேண்டும்.

அதை ஓட்டுகிறவள் பிரமு.

ஐம்பதைத் தாண்டியவள். புருசன் இருந்தவரை அவனோடு வேன் ஓட்டினாள். அவன் போன பிறகு மனசு ஓரிடத்தில் நிற்கவில்லை. அடுப்பை அணைத்தோமா, கதவைப் பூட்டினோமா என்று நடுவழியில் திரும்பி ஓடுவாள். பூட்டின பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, இழுத்ததில் திறந்திருக்குமோ என்று மறுபடியும் இழுப்பாள். மனசு அடங்க ஒரு வழி கேட்டுத்தான் இந்த மடத்துக்கு வந்தாள்.

மடத்துக்குக் குரு அம்மைதான். பெயர் உலகம்மை. பிரமுவைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவள். பிரமு வந்த அன்றைக்கு அவள் கேட்டது ஒன்றுதான்.

"உங்களுக்கு என்ன தெரியும் அக்கா?"

"வேன் ஓட்டத் தெரியும்."

கார்ச் சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டாள். ஜபம் இல்லை, மந்திரம் இல்லை. சாவிதான்.

போன வருசம் ஆனி மாசம் கியர் ராடு லேசாக ஆட ஆரம்பித்தது. பிரமு வந்து சொன்னாள். அம்மை அப்போது ஒரு காய்ச்சல்காரக் குழந்தையின் வாயைத் திறந்து மருந்து ஊற்றிக்கொண்டிருந்தாள். குழந்தை கடித்தது. வலியைப் பொறுத்துக்கொண்டு, திரும்பிப் பாராமலே சொன்னாள்.

"ஆடுறது ஆடட்டும். நீங்க ஆடாதிய."

அவ்வளவுதான் நடந்தது. ஆனால் பக்கத்தில் குத்தாலிங்க அண்ணாச்சி நின்றார்.

குத்தாலிங்கம் மடத்தின் காரியஸ்தர். நல்ல மனுசன். பசித்தவனைக் கண்டால் தன் இலையை நகர்த்தி வைத்துவிடுவார். ஒரே ஒரு குறை. அம்மை தும்மினாலும் அதற்கு ஒரு பொருள் சொல்வார். அந்த வாரமே ஒரு பலகையில் பச்சைப் பெயின்டால் எழுதிக் கூடத்தில் மாட்டிவிட்டார்.

ஆடுவது ஆடட்டும். நீ ஆடாதே.

அதோடு விட்டதா? வெள்ளிக்கிழமை வருகிற ஜனங்கள் காருக்குள் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். என்ஜின் ஓடும்போது அந்த ராடு அருள் வந்தவள் மாதிரி நடுங்கும். பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். குமிழில் திருநீறு பூசினார்கள். ஒருத்தி மஞ்சள் கயிறு கட்டிவிட்டுப் போனாள்.

டவுன் பட்டறைக்காரர், "கொண்டு வந்து விடுங்க, கழத்திப் பாத்துருவோம்" என்றார்.

"அம்மை ஆடட்டும்னு சொன்ன பொருள். அதுல போய் ஸ்பானர் வைக்கிறதா?" என்றார் அண்ணாச்சி.

பிரமுவும் வாயை மூடிக்கொண்டாள். குரு வாக்கு அல்லவா? மூன்றாம் கியர் தன்பாட்டுக்குக் கழன்று வரும். இடது கையால் ராடை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது கையால் மட்டும் ஸ்டீரிங்கைத் திருப்பி, வளைவு வளைவாக இறங்குவாள். தோள்பட்டை குடையும். எல்லாம் பாடம்தான் என்று பல்லைக் கடித்துக்கொள்வாள்.

நேற்று பின்சீட்டில் இடுப்பு வலியோடு ஒரு பெண். இறக்கத்தில் ஓர் ஆடு குறுக்கே பாய்ந்தது. வண்டியை ஒடித்துத் திருப்ப இரண்டு கையும் வேண்டியிருந்தது. பிரமு ராடை விட்டாள். விட்ட உடனே கியர் கழன்று நியூட்ரலில் விழுந்தது. கார் அவிழ்த்துவிட்ட காளை மாதிரி ஓடியது. பிரேக்கில் ஏறி நின்று, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, பாலத்துச் சுவருக்கு ஒரு முழம் இருக்கும்போது நிறுத்தினாள்.

அப்புறம் ஊர்ந்து ஊர்ந்து ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தாள். பெண் பிள்ளை. தாயும் சேயும் சுகம்.

சேதி மடத்துக்கு அவளுக்கு முன்னாலேயே வந்துவிட்டது.

குத்தாலிங்கம் திட்டவில்லை. இரக்கத்தோடுதான் சொன்னார்.

"கியர் எப்பவும் போலத்தான் ஆடுது பிரமு. அதே கியரோட ஒரு வருசம் ஓட்டலையா? இப்ப உன் கை ஆட ஆரம்பிச்சுட்டு. பயம் வந்த கை. நாளைக்கு மத்தியானப் பூசைக்கு முன்ன சாவியக் கொண்டாந்து குடுத்துரு. என் தங்கச்சி மவன் ஓட்டட்டும். நீ அடுக்களையப் பாத்துக்க."

அதிலிருந்து பிரமு தன் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாவி போவது ஒரு பக்கம். அண்ணாச்சி சொன்னது மெய்யாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்பது இன்னொரு பக்கம். பூட்டைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்க்கிற கைதானே இது.

"அதான் கேக்கேன் அம்மை. ஆடுறது கியரா, என் கையா? ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்க."

அம்மை கீரைக் காம்பைக் கீழே போட்டாள்.

"எனக்குக் கார் தெரியாதே அக்கா."

"தெரியாததுக்கு எதுக்கு வாக்கு சொன்னிய?"

அந்தப் பக்கம் குத்துவிளக்கு துலக்கிக்கொண்டிருந்த குத்தாலிங்கம் புளியைக் கீழே போட்டுவிட்டார்.

"பிரமு! யார்கிட்டப் பேசுதோம்னு நெனப்பு இருக்கா?"

"இருக்கு அண்ணாச்சி. இருக்கப்போய்த்தான் இவ்வளவு மரியாதையாக் கேக்கேன்."

அம்மை எழுந்து சேலையில் கையைத் துடைத்தாள்.

"வாங்க."

"எங்க?"

"ஆடுறதப் பாக்க. முதல்ல உங்க கைய அதுல இருந்து எடுத்துருவோம்."

மடத்து வாசலில் மழைத்தண்ணீர் போகிற கல் ஓடை ஒன்று உண்டு. வெயில் காலத்தில் அடியில் கொஞ்சம் சகதி மட்டும் கிடக்கும். ஓடைக்கு இரண்டு பக்கமும் சக்கரம் நிற்கிற மாதிரித்தான் பிரமு காரை நிறுத்துவாள். எண்ணெய் சொட்டினால் வாசல் கறைபடக் கூடாது. இன்றைக்கு ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, சக்கரங்களுக்குக் கல்லும் வைத்தாள். வைத்த கல்லைக் காலால் உதைத்துப் பார்த்தாள்.

அம்மை டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். பிரமு கதவுக்கு வெளியே.

"என்ன செய்ய?"

"கிளட்ச்ச மிதிங்க."

"மூணு கெடக்கே."

"இடது ஓரம். ஆங். இப்ப ராட முதல் கியர்ல போடுங்க. முன்னால தள்ளுங்க. போட்டாச்சா? இனி அதை ஆட்டுங்க."

அம்மை ஒற்றை விரலால் ஆட்டினாள். குழம்புச் சட்டியில் கிடக்கிற அகப்பை மாதிரி ராடு நாலு பக்கமும் போய் வந்தது.

"கியர்ல விழுந்த ராடு இப்படி ஆடப்படாது" என்றாள் பிரமு. "நல்ல வண்டியிலயும் கொஞ்சம் அசையும். இது விழப்போற பல்லு மாதிரில்லா ஆடுது."

"உங்க கை எங்க இருக்கு?"

"இடுப்புல."

"என்ஜின்?"

"அணைஞ்சு கெடக்கு."

"அப்பவும் ஆடுது."

"ஆடுது" என்றாள் பிரமு. அவள் குரல் கொஞ்சம் உயர்ந்தது. "கேட்டியளா அண்ணாச்சி, ஆடுது!"

குத்தாலிங்கம் பின்னாலேயே வந்து நின்றார். "ஆடட்டுமே. அதானே அம்மை சொன்ன தத்துவமே..."

"அண்ணாச்சி, கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள் அம்மை.

பிரமுவுக்குச் சந்தோசம் ஒரு மூச்சுக்கூட நிற்கவில்லை. அடுத்த கவலை வந்து உட்கார்ந்தது.

"கியர் பாக்ஸே போயிருந்தா என்ன செய்ய அம்மை? உள்ள பல்லு உடைஞ்சிருந்தா வண்டி காயலான் கடைக்குத்தான்."

"போயிருக்கா?"

"தெரியலையே."

"எதை வச்சுத் தெரியும்?"

பிரமு யோசித்தாள். அம்மையை இறங்கச் சொல்லிவிட்டுத் தானே ஏறி என்ஜினைக் கிளப்பினாள். கிளட்ச்சை மிதித்து ரிவர்ஸ் போட்டாள். சத்தமில்லாமல் விழுந்தது.

"கிளட்ச் போயிருந்தா ரிவர்ஸ் போடையில பல்லக் கடிக்கும். கடிக்கல."

நியூட்ரலுக்குக் கொண்டுவந்து ஆக்சிலேட்டரை மிதித்தாள். ராடு நடுங்கியது. துள்ளவில்லை.

"என்ஜின் உக்காந்திருக்க ரப்பர் போயிருந்தா, மிதிச்சதும் என்ஜின் ஒரு குலுக்கு குலுக்கி ராடையும் தூக்கி அடிக்கும். அதுவும் இல்ல."

"பாக்ஸ்?"

"பல்லு உடைஞ்சா ஓட்டத்துல கறகறன்னு அரைக்கும். ஒரு வருசமா அப்படி ஒரு சத்தம் நான் கேக்கல. விட்டாத்தான் கழலும். பிடிச்சா நிக்கும். அப்ப..." பிரமு என்ஜினை அணைத்தாள். "அப்ப கோளாறு வெளியதான். ராடும் பாக்ஸும் சேருற இடத்துல. அடியில."

அம்மை அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவும் தெரிஞ்சுக்கிட்டா ஒரு வருசமா அதைக் கையில பிடிச்சுக்கிட்டு இறங்கினிய?"

"நீங்க ஆடட்டும்னு சொன்னியளே."

"நான் சொன்னேன். உங்களுக்குத் தெரிஞ்சது எங்க போச்சு?"

பிரமு கோபத்தோடு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடைக்குள் இறங்கி, காருக்கு அடியில் நகர்ந்து போனாள்.

"ஆட்டுங்க அம்மை!"

அம்மை மறுபடியும் சீட்டில் ஏறி ஆட்டினாள்.

அடியிலிருந்து பிரமு சிரிக்கிற சத்தம் கேட்டது. அழுகிற மாதிரியும் இருந்தது.

"என்னக்கா?"

"நீங்களே வந்து பாருங்க. நான் சொன்னா எவன் நம்புவான்?"

அம்மை ஓடைக்குள் இறங்கினாள்.

"அம்மை! சகதி!" என்று கத்தினார் குத்தாலிங்கம். வெள்ளைச் சேலை அதற்குள் பாதி கறுப்பாகியிருந்தது.

பிரமு மேலே வந்து ராடைப் பிடித்தாள். "பாத்துக்கிட்டே இருங்க. ஆட்டுதேன்."

"ஆட்டுங்க."

"என்ன தெரியுது?"

"மேல இருந்து வாரது ஆடுது" என்றது அடியிலிருந்து அம்மையின் குரல். "பெட்டிக்குப் போற கம்பி அசையாம நிக்கி."

"நடுவுல?"

"நடுவுல ஒண்ணும் இல்ல."

குத்தாலிங்கத்துக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினார்.

"ஆகா! மேலே ஆட்டம். கீழே அமைதி. நடுவில் ஒன்றும் இல்லை! அம்மை, இதுக்கு மேல ஒரு வாக்கு உண்டுமா? இப்பவே பெயின்ட் எடுத்துட்டு வாரேன்."

"அண்ணாச்சி!" பிரமு போட்ட சத்தத்தில் மகிழ மரத்துக் காக்கை எழுந்து பறந்தது. "நடுவுல ஒரு புஷ் இருக்கணும்! வட்டமா, விரல் மொத்தத்துல, ரப்பர்ல ஒரு புஷ்! தேஞ்சு உதுந்து போச்சு! அதுக்குப் பலகை எழுதுவியளா? எழுதினா அந்தப் பலகையிலதான் இன்னைக்கு அடுப்பெரிப்பேன்!"

காருக்கு அடியிலிருந்து அம்மை சிரித்தாள். நன்றாக, வாய்விட்டு. குத்தாலிங்கம் அவள் அப்படிச் சிரித்து அதுவரை கேட்டதில்லை. தூக்கின கையை மெல்லக் கீழே விட்டார்.

அம்மை வெளியே வந்தாள். கன்னத்தில் கிரீஸ்.

"புஷ் எங்க கெடைக்கும்?"

"டவுன்ல."

"போய் வாங்கிட்டு வருவோம்."

"புஷ் இல்லாம எப்படி எறங்க? நேத்து மாதிரி இன்னொரு ஆடு வந்தா?"

"எறங்காம எப்படிப் புஷ் கெடைக்கும்?"

இரண்டு பேரும் காரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"கெட்டியான ரப்பர் துண்டு ஒண்ணு கெடைச்சா அறுத்து வச்சு ஒப்பேத்தலாம்" என்றாள் பிரமு. "ஒரு தடவை போய் வாரவரைக்கும் தாங்கும்."

வாசலில் கிடந்த செருப்புகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். எல்லாம் அப்பளம் மாதிரி தேய்ந்து கிடந்தன.

அம்மை உள்ளே போனாள். திரும்பி வரும்போது ஒரு கையில் அரிவாள்மனையும் மறு கையில் ஒரு ஜோடி டயர் செருப்பும் இருந்தன. செருப்பின் மேல் காலையில் வைத்த செவ்வரளி அப்படியே இருந்தது.

அது மூத்தசாமியின் செருப்பு. இந்த மடத்தைக் கட்டினவர். லாரி டயரை அறுத்துத் தைத்த அந்தச் செருப்போடுதான் மலை முழுக்க நடந்தார். அவர் அடங்கின பிறகு அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, பூவும் சூடமும் காட்டி வந்தார்கள்.

"அம்மை!" குத்தாலிங்கத்துக்குக் குரல் தழுதழுத்தது. "அது சாமியோட பாதம்!"

"பாதத்த நாமதான அண்ணாச்சி அடக்கம் பண்ணினோம்? இது செருப்பு."

பூவை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். செருப்பையும் அரிவாள்மனையையும் பிரமுவிடம் நீட்டினாள்.

பிரமு வாங்கவில்லை. வண்டி எடுக்குமுன் தினமும் அந்தக் கண்ணாடிப் பெட்டியைத் தொட்டுக் கும்பிடுகிறவள் அவள்.

"நீங்களே அறுத்துத் தாங்க அம்மை."

"எனக்கு அளவு தெரியாது."

பிரமு உட்கார்ந்தாள். அரிவாள்மனையைக் காலால் மிதித்துக்கொண்டு செருப்பின் குதிகால் பக்கத்தை அதன் மேல் வைத்தாள். இரண்டு கையும் நடுங்கின. எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நடுங்கின.

"பாத்தியளா அம்மை! கண்ணால பாத்துக்கிடுங்க! நான் சொன்னேன்லா, கைதான் ஆடுதுன்னு!" என்றார் குத்தாலிங்கம்.

"ஆடுதுதான் அண்ணாச்சி" என்றாள் பிரமு. "எனக்குப் பயம் வந்தா கை ஆடும். தாலி கட்டிக்கிட்ட அன்னைக்கும் ஆடுச்சு. ஆடிக்கிட்டே அறுக்கும். பாத்துக்கிட்டிருங்க."

அறுத்தாள்.

ரப்பர் நறநறவென்று அறுபட்டது. குத்தாலிங்கம் கண்ணை மூடிக்கொண்டார். பிரமு துண்டை வட்டமாகச் செதுக்கினாள். ஒரு கம்பியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி நடுவில் துளை போட்டாள். எரிந்த ரப்பர் நாற்றம் மடம் முழுக்கப் பரவியது. மறுபடியும் ஓடைக்குள் இறங்கினாள். தட்டுகிற சத்தம், திட்டுகிற சத்தம், மறுபடியும் தட்டுகிற சத்தம்.

"இப்ப ஆட்டுங்க அம்மை!"

அம்மை ஆட்டினாள். ராடு கல்லில் நட்ட வேல் மாதிரி நின்றது.

பிரமு வந்து உட்கார்ந்து முதல் கியர் போட்டாள். இரண்டாவது. மூன்றாவது. ஒவ்வொன்றும் டக்கென்று விழுந்தது. மூன்றில் வைத்துவிட்டு ராடைப் பின்னால் தட்டிப் பார்த்தாள். பக்கவாட்டில் தட்டிப் பார்த்தாள். அசையவில்லை. போதாதென்று இன்னொரு தடவை தட்டினாள்.

குத்தாலிங்கம் மெதுவாக வந்து கார் மூக்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"மூத்தசாமியே உள்ள எறங்கி உக்காந்துட்டாவ. இனி இந்த வண்டிக்கு ஒரு குறையும் வராது. யாரும் இதுல கை வைக்க வேண்டாம்."

உள்ளே பூசை மணி அடித்தது. அவர் கையை நீட்டினார்.

"சாவி, பிரமு."

"இன்னுமா?"

"வண்டியக் குத்தம் சொன்ன. வண்டி சரியாயிட்டு. கை ஆடும்னு உன் வாயாலயே ஒத்துக்கிட்ட. இப்ப மிச்சம் இருக்கது எது? நீயே சொல்லு."

அவர் கேட்டதில் தப்பில்லை. பிரமு அம்மையைப் பார்த்தாள். அம்மை செம்புத் தண்ணீரில் சகதிக் காலைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அம்மை, சாவியக் கேக்காவ."

"குடுத்துருங்க."

பிரமு சாவியை உருவினாள். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். கை இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. சாவியும் அதோடு சேர்ந்து கிலுகிலுத்தது.

விரல்களை மூடிக்கொண்டாள்.

"மாட்டேன்."

"நான் சொல்லியுமா?"

"நீங்க சொல்லியும்."

குத்தாலிங்கம் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"ஒரு வருசம் அந்தக் கியரப் பிடிச்சது இந்தக் கை. நேத்து நிறுத்தினதும் இந்தக் கை. ஆடட்டும், அதனால என்ன? ஆடாத கைய நான் எங்க போய்த் தேட? தர மாட்டேன் அம்மை. மடத்த விட்டுப் போன்னு வேணும்னா சொல்லுங்க. போறேன். வண்டிய ஓட்டிக்கிட்டுத்தான் போவேன்."

அம்மை செம்பைக் கீழே வைத்தாள்.

காரைச் சுற்றிக்கொண்டு வந்து, இடது பக்கக் கதவைத் திறந்து, ஈரச் சேலையோடு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"எங்க அம்மை?"

"டவுனுக்கு. புஷ் வாங்க."